சத்தம் போடாத விசிறி

"அம்மா, என்னால முடியலை" என்றார் உலகநாதன்.

மடத்தை நடத்தும் அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எது முடியலை?"

"அந்தச் சத்தம்தான். கம்ப்யூட்டர்ல இருக்க விசிறி. கண்ணை மூடினா தியானம் வரலை, தலைவலி வருது."

அம்பாசமுத்திரத்தைத் தாண்டி ஆற்றோரம் இருந்த சின்ன மடம் அது. உலகநாதன் ஓய்வு பெற்ற பிறகு தினமும் பஸ் ஏறி அங்கே வருகிறவர். பழைய குருவின் பேச்சுகள் மடத்தில் கேசட்டுகளாகக் கிடந்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்வது அவர் வேலை. யாரும் கொடுத்ததல்ல, அவராகவே இழுத்துப் போட்டுக்கொண்டது. அதனால் அலுத்துக்கொள்ளவும் ஆளில்லாமல் அலுத்துப் போயிருந்தார்.

அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். முதலில் அது உலகநாதனுக்கு உறுத்தியது. பிறகு பழகிவிட்டது.

"எப்பவுமே கத்துதா?"

"காலையில பரவாயில்லம்மா. நேரம் ஆக ஆகக் கூடுது. மத்தியானத்துக்கு மேல மாவு மில்லுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. போதாக்குறைக்கு இப்ப பீப் பீப்புன்னு வேற அடிக்குது."

"ம்."

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. குறை சொன்னவரே அதைச் சரிசெய்ய வேண்டும். கூரை ஒழுகுகிறது என்றால் ஏணி அவர் கைக்கு வரும். சாம்பாரில் உப்பில்லை என்றால் மறுநாள் அடுப்படி அவருடையது. இதனால் மடத்தில் யாரும் அதிகம் குறை சொல்வதில்லை. சாம்பாரிலும் பல நாள் உப்பிருப்பதில்லை.

"அப்ப சரிபண்ணுங்க" என்றார் அம்மை.

"பண்ணுதேன். சத்தமே போடாத விசிறி இருக்காம். திருநெல்வேலியில சொல்லி வச்சிருக்கேன், நாளைக்கு வந்துரும்."

"சரி."

உலகநாதன் எழுந்திருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, தூணில் தலையைச் சாய்த்தார். பகல் வெயில் முற்றத்தில் வெளுத்துக் கிடந்தது.

"வீட்டில எப்படி இருக்காங்க?" அம்மை கேட்டார்.

"செண்பகமா? அந்த விஷயத்துல இப்ப நிம்மதிம்மா. முன்னயெல்லாம் வாசல்ல செருப்பை மாட்டும்போதே சத்தம் போடுவா. நான் பதிலே பேச மாட்டேன். காது கேக்காத மாதிரி கிளம்பி வந்துருவேன். பொறுமையா இருந்து இருந்து, இப்ப நிப்பாட்டிட்டா."

"நிப்பாட்டிட்டாங்களா?"

"ஒரு சத்தம் கிடையாது. எங்க போறேன்னு கேக்கதில்லை, எப்ப வருவேன்னு கேக்கதில்லை. சாப்பாட்டை மூடி வச்சிருதா. வாசல் சாவி ஒண்ணை என் கையிலேயே குடுத்துட்டா. பரண்ல கிடந்த நீலப் பெட்டியைக்கூட எறக்கித் தொடைச்சு வச்சிருக்கா. வீடு கோயில் மாதிரி இருக்கு."

அம்மையின் விரல்கள் ஒரு கணம் கீரைத்தண்டில் நின்றன.

"முன்ன என்ன கேட்டுச் சத்தம் போடுவாங்க?"

உலகநாதன் யோசித்தார். முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளின் சத்தம். சுதி ஞாபகம் இருந்தது, வார்த்தை ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

"என்னமோ... எல்லாத்துக்கும்தான்."

"ம்" என்றார் அம்மை. கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

*

மறுநாள் விசிறி வந்தது.

பழையதைவிட அகலம். இறக்கைகள் கறுப்பு. திருகாணிக்குப் பதில் ரப்பர் முளைகள் வைத்துத் தந்திருந்தார்கள், அதிர்வு பெட்டிக்குத் தாவாமல் இருப்பதற்காக. காற்று எந்தப் பக்கம் போகும் என்று ஓரத்தில் ஓர் அம்புக்குறி. எல்லாம் யோசித்துச் செய்திருந்தார்கள். உலகநாதனுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். கம்ப்யூட்டரில் கணக்கெல்லாம் போடுவது பிராசசர் என்கிற சின்னச் சில்லு. வேலை செய்யச் செய்ய அது சுடும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள அதன் தலையில் அலுமினியத் தகடுகளை வரிசையாக அடுக்கிய ஒரு கட்டு, ஹீட்சிங்க். அந்தக் கட்டின் மேல்தான் விசிறி.

பழைய விசிறியைக் கழற்றினார். அடியில் தகடுகள் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஏதோ படிந்திருந்தது. மடத்துச் சாம்பிராணிப் புகை, திருநீறு, வருகிறவர்கள் காலோடு கொண்டுவரும் புழுதி, எல்லாம்.

பார்த்தார். அலுப்பாக இருந்தது. அதைத் துடைக்க வேண்டுமானால் கட்டையே கழற்ற வேண்டும். அது இன்னொரு வேலை.

புது விசிறியை அம்புக்குறி பார்த்து மேலேயே பொருத்தினார். ரப்பர் முளைகளை இழுத்து மாட்டினார். தகட்டை மூடிப் பொத்தானை அழுத்தினார்.

சத்தமே இல்லை.

காதை வைத்துக் கேட்டார். இல்லை.

கேசட் வேலையைத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் பீப் என்றது. பிறகு பீப் பீப் என்றது. பிறகு விடாமல் அடித்தது, முன்னைவிட மோசமாக.

"உனக்கு என்னதான் வேணும்?" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கம்ப்யூட்டரை மறுபடி எழுப்பி, அதன் அமைப்புகளுக்குள் போய்த் தேடினார். எச்சரிக்கை ஒலி என்று ஒரு வரி இருந்தது. அதை அணைத்தார். வேலையை விட்ட இடத்தில் ஓடவிட்டார்.

நின்றது.

உலகநாதன் அங்கேயே பாயை விரித்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார். ஆற்றுப் பக்கம் ஒரு மீன்கொத்தி கத்தியது கேட்டது. இந்த அறையிலிருந்து அதை அவர் கேட்டதே இல்லை. மனசு கரைந்ததுபோல் ஆனது. எத்தனை நாள் கழித்து இப்படி ஒரு நிம்மதி.

எழுந்தபோது முகமே மாறியிருந்தது. நேராக அம்மையிடம் போனார்.

"அம்மா, வந்து கேளுங்க."

"எதைக் கேக்க?"

"ஒண்ணும் இல்லாததை."

அம்மை வந்தார். வாசலில் நின்று காதைக் கொடுத்தார்.

"ஆமா. சத்தமே இல்லை" என்றார். பிறகு கேட்டார். "அந்தத் திரை ஏன் கறுப்பா இருக்கு?"

உலகநாதன் திரும்பிப் பார்த்தார்.

பொத்தானை அழுத்தினார். உயிர் இல்லை. மறுபடி அழுத்தினார். தகட்டைக் கழற்றி உள்ளே கையை விட்டவர், உஸ்ஸென்று இழுத்துக்கொண்டார். விரல் நுனி சிவந்துவிட்டது.

"சுட்டுருச்சா?"

"கொதிக்குதும்மா."

அம்மை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். உலகநாதன் விரலை அதில் முக்கிக்கொண்டு, குழந்தை மாதிரி நின்றார்.

"எனக்கு இந்தப் பெட்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றார் அம்மை. "பீப்னு அடிச்சதே, அது எதுக்கு?"

"சூடு கூடிட்டுன்னு சொல்லத்தான்."

"இப்ப ஏன் சொல்லலை?"

"நான்தான் நிப்பாட்டினேன்."

"சூட்டையா?"

உலகநாதன் செம்புக்குள் இருந்த விரலையே பார்த்தார்.

"பழைய விசிறி எதுக்கு அப்படிக் கத்திச்சு?"

"அடியில தூசி அடைச்சுக் கிடக்கு. காத்து போக வழி இல்லை. அதால முடிஞ்ச மட்டும் வேகமா சுத்திப் பார்த்திருக்கு."

"ஓ" என்றார் அம்மை. "சரிபண்ணுங்க."

அவர் போய்விட்டார். வழக்கம் வழக்கம்தானே.

*

சூடு ஆறக் காத்திருந்து, உலகநாதன் ஹீட்சிங்க் கட்டையே கழற்றினார். மனசில்லாமல்தான் தொடங்கினார்.

பிராசசருக்கும் கட்டுக்கும் நடுவே ஒரு பசை இருக்கும். இரண்டும் நெருங்கி ஒட்டி, சூடு இங்கிருந்து அங்கே கடக்க வேண்டும் என்பதற்காகப் பூசியது. அந்தப் பசை காய்ந்து, சுண்ணாம்பாகப் பொரிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒட்டித்தான் இருந்தன.

அதைத் துணியால் துடைத்தார். கெட்டியாக இருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார்.

பிறகு பிரஷ்ஷை எடுத்துத் தகடு தகடாகத் தூசியைத் தட்டினார். கம்பளி கம்பளியாக வந்தது. பழைய தூசி அடியில், புதுத் தூசி மேலே. எப்போது இவ்வளவு சேர்ந்தது? தினமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாரே.

பாதி துடைத்தபோது பிரஷ் நின்றது.

வார்த்தை ஞாபகம் வந்துவிட்டது.

சும்மா உக்காருறதுக்கு இம்புட்டு தூரம் பஸ் ஏறிப் போகணுமா? அதுக்கு எம் பக்கத்துல உக்காந்தா ஆகாதா?

அதுதான். அதையேதான் தினமும் கேட்டிருக்கிறாள். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய வருஷம் மெதுவாகக் கேட்டாள். பிறகு கொஞ்சம் சத்தமாக. பிறகு வாசலில் நின்று தெருவே கேட்கும்படி.

உலகநாதன் பிரஷ்ஷைக் கீழே வைக்காமல் அப்படியே இருந்தார். பிறகு மிச்சத் தகடுகளையும் துடைத்தார். பிராசசர் மேல், விசிறியோடு வந்திருந்த புதுப் பசையில் ஒரு பொட்டு வைத்துக் கட்டை அழுத்திப் பொருத்தினார். விசிறியை மாட்டினார். கம்ப்யூட்டரின் அமைப்புகளுக்குள் போய், எச்சரிக்கை ஒலியைத் திரும்பப் போட்டார்.

பெட்டி ஓடியது. கட்டைத் தொட்டுப் பார்த்தார். இளஞ்சூடு.

அம்மை வாசலில் நின்றிருந்தார்.

"பீப்பைத் திரும்பப் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அடிக்கலையே."

"இப்ப அதுக்குச் சொல்ல ஒண்ணும் இல்லை. இருந்தா அடிக்கும்."

"அடிச்சா?"

உலகநாதன் பக்கவாட்டுத் தகட்டை எடுத்துப் பெட்டியை மூடினார்.

சாயங்கால மணி அடித்தது. சும்மா உட்காரும் நேரம். எல்லோரும் கூடத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். அவருடைய பாயை யாரோ அவருடைய இடத்தில் விரித்துப் போட்டிருந்தார்கள்.

உலகநாதன் கூடத்தின் படி வரைக்கும் வந்தார். அங்கேயே நின்றார்.

ஊருக்குப் போகும்போது மட்டும் பரணிலிருந்து இறங்கும் நீலப் பெட்டி கண்ணுக்குள் வந்தது. அதைத் துடைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். வெறும் பெட்டியை யாரும் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பதில்லை. அது வெறும் பெட்டிதானா என்று அவர் தூக்கிப் பார்க்கவில்லை.

"அம்மா."

"சொல்லுங்க."

"ஒரு குறை."

கூடத்தில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் இரண்டாவது குறை சொன்னவர் மடத்தில் யாரும் இல்லை.

"என்ன குறை?"

"எங்க வீட்டுல சத்தமே இல்லம்மா."

அம்மை படியிறங்கிப் போனார். வாசலோரம் மடத்தைப் பார்த்துக் கிடந்த உலகநாதனின் செருப்புகளை, குனிந்து தன் கையாலேயே எடுத்து, பஸ் வரும் ரோட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.