சாவித் துவாரம் இல்லாத சேமிப்பு

திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருந்த தியாகராசனிடம் மொத்தம் ஆறு பேர் வேலை பார்த்தார்கள். ஆறு பேர் மூளையையும் உருக்கி வார்த்தால் ஒரு சாவி தேறுமா என்பது சந்தேகம்தான். ஆனால் பூட்டு செய்வதில் சூரர்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூத்தவர் அருளானந்து மேஸ்திரிக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருக்கு ஒரே கவலை. வேலையை விட்ட பிறகு ஒரு டீக்குக்கூட மருமகன் கையை எதிர்பார்க்கக் கூடாது. மருமகன் தங்கமான பையன், கேட்டால் கொடுப்பான். கேட்க வேண்டுமே!

ஆகவே முதலாளி, "வயசான காலத்துக்கு உங்களுக்கு ஏதாவது ஏற்பாடு பண்றேன். எது வேணும்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றதும், மேஸ்திரி அன்றைக்கே கூட்டம் போட்டுவிட்டார்.

"மருத்துவக் காப்பீடு கேக்கலாமே?" என்றாள் பேக்கிங் பார்க்கும் ஜெபமணி.

"நோவு வந்தாத்தான் அதுல காசு வரும்" என்றான் அரம் போடும் காத்தவராயன். "வருசம் பூரா கட்டிட்டு ஒருத்தனும் படுக்கலைன்னா நட்டமில்லையா?"

நியாயம்தானே? ஆளுக்கு இரண்டு மாதம் முறை வைத்துப் படுப்பது என்று பேசினார்கள். மார்கழிக் குளிரில் யார் படுப்பது என்று அடிதடி வந்ததால் அந்த யோசனை போயிற்று.

"அப்ப மாசாமாசம் பென்சன்?" என்றார் மேஸ்திரி ஆசையாக.

"வேலைக்கு வராதவனுக்குக் காசு குடுத்தா, வேலைக்கு வர்ற நம்மளைப் பாத்து ஊரே சிரிக்கும்ணே" என்றாள் ஜெபமணி. அதுவும் போயிற்று.

முதலாளி பொறுத்துப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார்: "மாசம் நீங்க ஐந்நூறு போடுங்க, நானும் ஐந்நூறு போடறேன். ஆனா நடுவுல யாராலயும் எடுக்க முடியாதபடி இருக்கணும்." சொல்லிவிட்டு ஒரு வங்கிப் படிவத்தை நீட்டினார்.

மேஸ்திரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பூட்டு செய்றவன் பணத்தை இன்னொருத்தன் பூட்டுக்குள்ள வைக்கிறதா? வெளியில தலை காட்ட முடியுமா?"

"அதானே!" என்று முதலாளியும் படிவத்தை மடித்து, ஆடுகிற ஸ்டூலின் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

மேஸ்திரி பத்து நாள் சோறு தண்ணி மறந்து உழைத்தார். கனத்த இரும்புப் பெட்டி, அதன்மேல் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு. பணம் போட ஒரு சின்னக் கீறல். சாவி இருந்தால் தொலையும், திருடு போகும், சபலம் வந்தால் திறக்கச் சொல்லும் என்று யோசித்துச் சாவித் துவாரத்தையே வைக்காமல் விட்டுவிட்டார்.

"எப்படிண்ணே திறக்கிறது?" என்று கேட்டான் காத்தவராயன்.

"அது அஞ்சு வருசம் கழிச்சு வர்ற கஷ்டம். இப்பவே ஏன்டா இழுத்து விட்டுக்கிறே?"

ஐந்து வருஷமும் ஓடிப்போய், மேஸ்திரி வேலையை விடும் நாள் வந்தது. மேஸ்திரிக்கு மாலை போட்டு, பெட்டியை நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் கம்பி விட்டார், நெம்பினார், காதை வைத்துக் கேட்டார். மத்தியானமாகியும் பூட்டு அசையவில்லை. பாவம், மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சம்மட்டியால ஒரு போடு போட்டா?" என்றாள் ஜெபமணி மெதுவாக.

"வாயைக் கழுவு!" என்று மேஸ்திரியே சீறினார். "நம்ம பூட்டை உடைக்கலாம்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்?"

முதலாளி மேஸ்திரியைக் கட்டிக்கொண்டார். "செஞ்சவன் கையாலயே திறக்க முடியலையே! இப்படி ஒரு பூட்டு இந்த ஊர்லயே கிடையாதுய்யா!" என்று அங்கேயே பத்தாயிரம் ரூபாய் பரிசு கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டுகளைப் பார்த்தார். இவ்வளவு பணத்தை மடியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போவது ஆபத்தாயிற்றே! ஒவ்வொரு நோட்டாகப் பெட்டிக் கீறலுக்குள் பத்திரமாகப் போட்டுவிட்டு, மாலையும் கழுத்துமாக வீடு போய்ச் சேர்ந்தார்.

வாசலிலேயே மருமகன் நின்றிருந்தான். மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையை நீட்டினார்.

"மாப்ளே, டீக்கு ஒரு பதினைஞ்சு ரூவா குடுங்க. நம்ம பணம் பத்திரமா இருக்கு."