பெரிய கிளார்க்கின் கிரைப்

வால்பாறை எஸ்டேட்டில் துரையின் குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஆயா பாக்கியத்தைக் கண்டாலே பெரிய கிளார்க் கனகசபாபதிக்கு ஆகாது. துரை அவளைப் புகழப் புகழ, இவர் தினமும் அவள்மேல் ஒரு புகார் கொண்டுபோவார்.

ஒருநாள் பாக்கியம் குழந்தையோடு பக்கத்தில் நிற்கும்போதே கிளார்க் புகாரை ஆரம்பிக்க, துரை சலித்துப்போய், "உமக்கு எப்பவும் ஒரு கிரைப்!" என்றார்.

கிளார்க் விடவில்லை. "இங்கிலீஷ் தெரியாதவளுக்குப் பங்களாவில் என்ன வேலை துரை? நீங்க இப்ப சொன்ன 'கிரைப்'ங்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கு அவ அர்த்தம் சொல்லட்டும். தெரியலைன்னா கொழுந்து பறிக்க அனுப்பிடுங்க."

பாக்கியம் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"பாப்பாவுக்கு வயித்தை முறுக்கினா கிரைப் வாட்டர் கொடுக்கிறோம். கிளார்க்கய்யா புகாருக்கும் துரை அதே பேரைத்தான் சொன்னாங்க. அதுவும் வயித்துக்கோளாறுதானுங்களே? எங்க பக்கம் அதை வயித்தெரிச்சல்னு சொல்லுவோம்."

துரை விழுந்து விழுந்து சிரித்தார். "சரிதான், 'கிரைப்'புக்குப் புகார்ங்கிற அர்த்தமே வயிற்று வலியிலிருந்துதான் வந்தது! பாக்கியம், கிளார்க்குக்கும் ரெண்டு ஸ்பூன் கொடு."