கல் போடாதவர்கள்

மாசிலாமணி அன்று கூடத்துக்குள் வரவில்லை. செருப்பு விடும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்து நான்கு வயது, அரசாங்கத் திட்ட அலுவலகத்தில் பெரிய பதவி. மாதம் ஒரு முறை மலையேறி இந்த ஆசிரமத்துக்கு வருவார். வந்தால் முதல் வரிசையில்தான் உட்காருவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆசிரமத்தின் குரு வாகீசுவரி அம்மையார் அவரைவிடப் பத்து வயது இளையவர். அவரே வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு?"

"கணக்கு தப்பாயிடுச்சும்மா."

"கணக்குன்னா திருத்திடலாமே."

"மூணு வருஷமா தப்பு."

மலை ஊர்களுக்கு வரும் ஆண்டுகளில் எவ்வளவு மண்ணெண்ணெய் தேவைப்படும், எவ்வளவு கேஸ், குளிருக்கு ஹீட்டர் போட எவ்வளவு மின்சாரம் என்று கம்ப்யூட்டரில் கணித்துச் சொல்வது மாசிலாமணியின் வேலை. அவர் சொல்லும் கணக்கை வைத்துத்தான் லாரி மலையேறும்.

"மேல்கரைன்னு ஒரு ஊர். அங்க ரேஷன் கடையில மண்ணெண்ணெய் விற்பனை குறைஞ்சுது. எல்லா வீட்டுலயும் கேஸ் இணைப்பு இருக்கு. சரி, கேஸுக்கு மாறிட்டாங்க, இனிமே இவ்வளவு வேண்டாம்னு போட்டேன். அடுத்த வருஷம் குறைச்சு அனுப்பினாங்க. விற்பனை இன்னும் குறைஞ்சுது."

"அப்புறம்?"

"என் கணிப்பு பலிச்சிடுச்சுன்னு நினைச்சேன். அதுக்குப் பாராட்டுகூட வாங்கினேன்."

அனுப்பியதே குறைவு என்றால் விற்பது எப்படிக் கூடும்? பள்ளிக்கூடப் பிள்ளை கேட்கும் கேள்வி. அந்த அலுவலகத்தின் ஆறு கம்ப்யூட்டர்களும் அதைக் கேட்கவில்லை, மாசிலாமணியும் கேட்கவில்லை.

"போன வாரம்தான் முதல் தடவையா அந்த ஊருக்குப் போனேன். சின்னக்கண்ணுன்னு ஒரு அம்மா, தேயிலை பறிக்கிறவங்க. அவங்க வீட்டுல சிலிண்டர் எட்டு மாசமா காலி. மாத்த வசதியில்ல, அது மேல தண்ணிக் குடம் வச்சிருக்காங்க. ஒரு வேளைதான் அடுப்பு எரியுது. ஏன் மண்ணெண்ணெய் கேக்கலைன்னு கேட்டேன். 'இல்லைன்னுதான சொல்லுவாங்க, எதுக்குங்க கேக்கணும்'னாங்க."

அவர் குரல் இறங்கிவிட்டது.

"அவங்க மாமியார் தை மாசம் இறந்துட்டாங்க. குளிராலன்னு அவங்க சொல்லல. எனக்குக் கேக்க தைரியம் வரல."

செருப்புகளைப் பார்த்தபடியே மாசிலாமணி தொடர்ந்தார்.

"திங்கக்கிழமை அடுத்த அஞ்சு வருஷத்துக் கணிப்பைக் கொடுக்கணும். இனிமே குளிர் கூடும்னு ஏதாவது காரணம் காட்டி கணக்கை ஏத்திட்டா மண்ணெண்ணெய் ஊருக்குப் போயிடும். தப்பு என்னுதுன்னு சொன்னா, நான் இதுவரைக்கும் சொன்ன எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. மண்ணெண்ணெய் போய்ச் சேர்ந்தா போதாதாம்மா? நான் தலைகுனிஞ்சுதான் ஆகணுமா?"

அம்மையார் சமையற்கட்டுப் பக்கம் பார்த்தார். முகம் மாறியிருந்தது.

ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் குளிக்க வெந்நீர் வேண்டும் என்பவர்கள் முந்தின நாளே சமையற்கட்டு வாசலில் இருக்கும் சட்டியில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுவிட வேண்டும். எத்தனை கல்லோ அத்தனை வாளி. கேஸ் வீணாகாது.

"சட்டியில எத்தனை கல் இருக்கு, பாருங்க."

மாசிலாமணி போய் எண்ணிவிட்டு வந்தார். "ஒன்பது."

"நாம முப்பத்தோரு பேர். முன்னாடி இருபத்தஞ்சு கல் விழும். ரெண்டு வருஷமா குறைஞ்சுக்கிட்டே வருது. எங்க பிள்ளைங்க குளிரை ஜெயிச்சிட்டாங்கன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்."

எழுந்து தோட்டத்துக்கு நடந்தார். மாசிலாமணியும் பின்னால் போனார். கேரட் பாத்தியில் பொன்னம்பலம் களை எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு மூச்சிழுப்பு உண்டு, குளிர் ஆகாது.

"வெந்நீருக்கு ஏன் கல் போடறதில்ல?" என்று அம்மையார் கேட்டார்.

பொன்னம்பலம் நெளிந்தார். "ரோடு சரிஞ்சப்போ ஒரு மாசம் சிலிண்டர் வரலையேம்மா. வெந்நீர் பத்தல. யாராவது விட்டுக்கொடுக்கணுமேன்னு நிறுத்தினேன். அப்புறம் நீங்க, நாங்க குளிரை ஜெயிச்சிட்டோம்னு பெருமையாச் சொன்னீங்க. திரும்பப் போடக் கூச்சமா இருந்துது."

இன்னும் நாலு பேரைக் கேட்டார்கள். ஏறக்குறைய இதே பதில்தான்.

மாசிலாமணி சும்மா இருக்கவில்லை. சமையற்கட்டுக்குப் போய், நாளைக்கு முப்பத்தோரு வாளி வெந்நீர் வைக்கும்படி சொல்லிவிட்டு வந்தார். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்த பிறகும் அம்மையார் உட்காரவில்லை.

"நீங்க குளிரை ஜெயிச்சிட்டீங்கன்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டிருந்தேன். அது நிஜமில்ல. நீங்க நடுங்கிக்கிட்டுதான் குளிச்சிருக்கீங்க. உங்களை நான் கேக்கல. கல்லை மட்டும் எண்ணினேன். எனக்கு வெட்கமா இருக்கு. மன்னிச்சிடுங்க."

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பரிமாற வந்தவர் வாளியோடு அப்படியே நின்றார். நம்மால்தானே இவர் இப்படி நிற்க வேண்டியதாயிற்று என்று மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் கூசியது.

கை கழுவும் இடத்தில் அம்மையார் தனியாக இருந்தார். மாசிலாமணி பக்கத்தில் போய் மெல்லக் கேட்டார்.

"முப்பத்தோரு வாளிக்கு நான்தான் சொல்லிட்டேனேம்மா. எல்லாருக்கும் வெந்நீர் கிடைச்சிருக்கும். இத்தனை பேர் முன்னாடி நீங்க இதைச் சொல்லணுமா?"

"நாளைக்குக் கிடைச்சிருக்கும்," என்றார் அம்மையார். "தப்பு என்னுதுன்னு நான் சொல்லலைன்னா, நாளன்னிக்கு வெந்நீர் வேணும்னு யார் கேப்பாங்க?"