பரிசலில் ஒரு தலைமையாசிரியர்

“போன மாசம் முழுக்க ‘பிரமாதம், பிரமாதம்’னு சொன்னீங்க. இந்த மாசம் ஒரு வார்த்தை இல்லை. நான் நல்லாக் கத்துக்கிட்டேனா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா. இல்லேன்னா இன்னைக்கே பஸ் ஏறிடுறேன்.”

கேட்டவர் தணிகாசலம். அறுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பிள்ளைகளின் நோட்டுகளில் முப்பது வருஷம் சிவப்பு மையால் ‘நன்று’ போட்டவர். இப்போது அதே வார்த்தைக்காக ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து நிற்கிறார்.

அந்தப் பெண் மாதம்மாள். முப்பத்தெட்டு வயது. ஆற்றங்கரைக் குடிலில் தனியாக இருக்கும் துறவி. ஞானம் வேண்டும் என்று யார் வந்தாலும் கையில் ஒரு துடுப்பைக் கொடுத்துவிடுவார். அக்கரை மலையூருக்குப் பாலம் கிடையாது. பரிசலில் ஆட்களை ஏற்றி இறக்கக் கற்ற பிறகுதான் மற்ற பேச்சு.

தணிகாசலம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மற்ற பேச்சு இன்னும் ஆரம்பமாகவில்லை.

“உங்களைப் பாராட்டச் சொல்லி எங்கிட்ட கேட்டது யாரு?” என்றார் மாதம்மாள்.

“நான்தான்.”

“பாராட்டினப்ப என்ன செஞ்சீங்க?”

தணிகாசலத்துக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த மாதம் முழுவதும் தண்ணீர் அசையாத கீழ்த்துறையிலேயே போய்ப் போய் வந்தார். சுழல் இருக்கும் மேல்துறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே தடுமாறினால் கிடைத்த பெயர் போய்விடுமே.

“சரி, பாராட்டாதப்ப?”

“கையே ஓடலைம்மா.”

“நான் என்னதான் செய்யறது, சொல்லுங்க? பேசினாலும் குத்தம், பேசலேன்னாலும் குத்தம்.”

மாதம்மாளுக்குச் சலித்துவிட்டது. வலது கை வேறு மாவுக்கட்டில் இருந்தது. போன வாரம் பாறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டுக்குள் அரிப்பு தாங்கவில்லை.

அப்போது அக்கரையில் கூப்பாடு கேட்டது.

சின்னமாது என்பவனைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். ரோடும் ஜீப்பும் இக்கரையில்தான். நேற்றைய மழையில் அடித்து வந்த மரங்கள் கீழ்த்துறையை அடைத்துக் கிடந்தன. மேல்துறை ஒன்றுதான் வழி.

“கிளம்புங்க.”

“நானா? சுழல்லயா?”

“இந்தக் கையை வெச்சுக்கிட்டு நானா போக முடியும்?”

தணிகாசலம் ஏறினார். பத்தடி போனதும், சரியாகப் போகிறோமா என்று மாதம்மாளின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். பரிசல் வட்டமானது. துடுப்புப் போடுகிறவர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அதுவும் அந்தப் பக்கம் திரும்பும். ஒரு சுற்றுச் சுற்றிக் கரைக்கே வந்து முட்டியது.

மறுபடி தள்ளினார். மறுபடி பார்த்தார். மறுபடி முட்டியது.

அக்கரையில் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

“அட, என்ன மனுஷன்யா நீங்க! அங்க ஒருத்தன் செத்துக்கிட்டிருக்கான். என் மூஞ்சியில என்ன எழுதி ஒட்டியிருக்கு?”

மாதம்மாள் விறுவிறுவென்று குடிலுக்குள் போய்க் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டார்.

தணிகாசலத்துக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. துடுப்பை ஓங்கித் தண்ணீரில் குத்தினார்.

முக்கால் மணி நேரம் கழித்து, சின்னமாதுவை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது. அவனுக்கு நினைவு இருந்தது. தண்ணீர் கேட்டான்.

தணிகாசலம் திரும்பினார். துறையில், முழங்கால் ஆழத்தில் மாதம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

“ஏம்மா, உயிர் போற நேரத்துல கதவைச் சாத்திட்டுப் போறதா? எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து நிக்கிறீங்க! அந்த ரெட்டைப் பாறைகிட்ட துடுப்பை ரொம்ப ஆழமா விட்டுட்டேன், சுழல் இழுத்துடுச்சு. எதிர்த்துத் தள்ளினா ஆகாது, அது கூடவே அரை வட்டம் போய்த்தான் வெளிய வரணும்னு அப்பதான் புரிஞ்சுது. திரும்பி வர்றப்ப பாறையை விட்டு விலகியே வந்தேன். அப்பவும் நடுவுல ஒரு இடத்துல தப்புப் பண்ணிட்டேன். நாளைக்கு அதைப் பார்க்கணும்.” மூச்சு வாங்கினார். “இதையெல்லாம் நீங்க பார்த்திருந்தீங்கன்னா...”

“பார்த்தேனே.”

மாதம்மாளின் குரல் கம்மியிருந்தது.

“எங்கிருந்து பார்த்தீங்க? கதவு சாத்தியில்ல இருந்துச்சு?”

“பின்பக்கமா வந்துட்டேன். நீங்க ரெட்டைப் பாறைக்குப் போறதுக்கு முன்னாடியே இங்கதான் நின்னேன். திரும்பி வர்றப்ப எனக்கு நேரா வந்துதானே கரை சேர்ந்தீங்க?”

தணிகாசலம் விழித்தார்.

“‘பிரமாதம், பிரமாதம்’னு தொண்டை வத்தக் கத்துனேனே வாத்தியாரே, காதுலயே விழலையா?”