ஏழு கவுண்டர் மூடிய நாள்

முதலில், கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இசக்கியம்மாளின் நாற்காலியைப் பிடுங்கினார்கள். அடுத்து நிரந்தர வேலைப் பட்டியலில் அவள் பெயரை அடித்தார்கள். மூன்றாவதாக, பஸ் பாஸ் அலுவலகத்துக்கு வந்த எட்டு கோர் சர்வர், அதாவது எட்டு மூளை கொண்ட பெரிய கணினி, ஆமையாய் நகர்வதற்கும் அவள்தான் காரணம் என்றார் மேலாளர் தாமோதரன்.

"சாயங்காலத்துக்குள்ள எட்டு கோரும் ஓடணும். இல்லைன்னா நாளைக்கு வராதே."

"சரிங்க சார்" என்ற இசக்கி, கவுண்டர்களில் இருந்த சங்கத் தோழர்களிடம் சொல்லி எட்டில் ஏழு கவுண்டரை மூட வைத்தாள். வரிசை தெருவுக்குப் போனது. தாமோதரன் பாய்ந்து வந்தார்.

"ஆள் இருக்கும்போதே கவுண்டரை மூடச் சொன்ன அறிவாளி யாரு?"

"சர்வரைப் பார்த்து நானும் அதையேதான் கேட்டேன் சார். ஒரு கோர் மட்டும் வேலை செய்யட்டும்னு ஆபரேட்டிங் சிஸ்டத்துல யாரோ எழுதி வச்சிருக்காங்க. மத்த ஏழும் சும்மா உட்கார்ந்திருக்கு. எதை மாத்தினாலும் பக்கத்துல பேர் போடணும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? பேர் இருக்கு."

அவள் பெயர்தான் இருக்கும் என்ற தெம்பில், "யாரையாவது சத்தமா படிக்கச் சொல்லு, எல்லாரும் கேட்கட்டும்" என்றார் தாமோதரன்.

இசக்கி அச்செடுத்த தாளை வரிசையில் முதலில் நின்ற கல்லூரி மாணவியிடம் நீட்டினாள். மாணவி கூடம் முழுக்கக் கேட்கப் படித்தாள்:

"பழைய ஒற்றை கோர் சர்வரில் இருந்ததை அப்படியே நகலெடுத்து அமைத்தவர், வே. தாமோதரன், மேலாளர்."