ரெஜினா சொன்ன பதில்

கடைசியில் தீர்ப்பை உங்களிடம்தான் கேட்கப்போகிறேன். ஆகவே நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள்.

ஓசூருக்கு வெளியே ஒரு பெயின்ட் தொழிற்சாலை. அங்கே பெண்கள் ஷிப்டுக்குப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. சட்டென்று தீப்பற்றும் தின்னர் திரவத்தின் நெடி சுழலும் கூடத்தில் அபாய மணி அடித்தால், இயந்திரங்களை நிறுத்தி அத்தனை பெண்களையும் வெளியே கொண்டுவரும் பொறுப்பு அது. நேர்காணலுக்கு வந்தவர்களில் தாட்சாயணியும் ரெஜினாவும் ஒரே விடுதி அறையில் இருப்பவர்கள். ஒரே கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்து, ஒரே நாளில் வேலை இழந்தவர்கள்.

விதிமுறைகளைக் கேட்டால் ரெஜினா தடுமாற மாட்டாள். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே இரண்டு வேலைகள் அப்படித்தான் கைநழுவின.

அன்று அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவள் முகம் வெளிறியிருந்தது. தாட்சாயணியைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

“ஆபத்து நேரத்துல நீங்க என்ன செஞ்சீங்கன்னு கேட்டாங்க தாச்சு. எனக்கு ஒண்ணுமே வரல. நம்ம ஹாஸ்டல் தீ விபத்தச் சொல்லிட்டேன்.”

“சொன்னா என்ன?”

“நீ செஞ்சத நான் செஞ்சதா சொல்லிட்டேன்டி.”

போன வருஷம் விடுதிச் சமையலறையில் தீப்பிடித்தபோது, ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு புகைக்குள் புகுந்து சிலிண்டரை மூடியவள் தாட்சாயணி. ரெஜினா மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றியபடி உறைந்து நின்றாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இழுத்து வந்ததும் தாட்சாயணிதான்.

“நீயும் அதையே சொன்னா என்னைப் பொய்க்காரின்னு துரத்திருவாங்க. வேற ஏதாவது சொல்லு. உனக்குப் பேச வரும்.”

அதற்குள் தாட்சாயணியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். “சரி, சொல்லல” என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

உள்ளே ஆலை மேலாளர் கோமதிநாயகமும் பணியாளர் அதிகாரி லலிதாம்பிகையும் இருந்தார்கள். அதே கேள்வி வந்தது. பஸ்ஸில் மயங்கிய ஒரு பெண்ணுக்குத் தண்ணீர் தெளித்ததைச் சொன்னாள். சொல்லும்போதே அது சப்பென்று இருந்தது.

“கையில என்ன தழும்பு?” என்றார் லலிதாம்பிகை.

“சூடு பட்டதுங்க மேடம்.” கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். வாழ்க்கையில் அவள் செய்த ஒரே பெரிய காரியம் தொண்டை வரை வந்து நின்றது. விழுங்கினாள்.

மதியமே முடிவு தெரிந்தது. “ரெஜினா, உள்ள வந்து ஆர்டர் வாங்கிக்குங்க. மத்தவங்க கிளம்பலாம்” என்றார் லலிதாம்பிகை.

அந்த நேரம் பார்த்து யாரோ கூடத்தின் கதவைத் திறந்தார்கள். நெடி குப்பென்று அடித்தது. உள்ளே டிரம்களுக்கு நடுவே பெண்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். தாட்சாயணிக்கு விடுதி மாடிப்படி நினைவுக்கு வந்தது. ரெஜினாவின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

“ரெஜி, இங்க மணி அடிச்சா நீ என்ன செய்வே?”

ரெஜினா கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள்.

“நீயே போய் உண்மையச் சொல்லிரு. இல்லேன்னா நான் சொல்லுவேன்.”

“சொல்ல மாட்டேன்னியே! உனக்குக் கிடைக்கலன்னதும் பேச்சு மாறுதா?”

சுருக்கென்று தைத்தது. அப்படி இல்லை என்று அடித்துச் சொல்ல தாட்சாயணிக்கே துணிவு வரவில்லை. ஆனாலும் கையை விடவில்லை.

“என் வேலைய விட்டுக்குடுக்கத்தான் ஒத்துக்கிட்டேன். உள்ள வேலை செய்யுறவங்க உயிர விட்டுக்குடுக்க நான் யாருடி?”

ரெஜினா கையை உதறிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. தாட்சாயணி வாசலிலேயே நின்றாள். கதவைத் தட்டக் கையை ஓங்கியபோது, அதுவே திறந்தது. “நீங்களும் வாங்க” என்றார் கோமதிநாயகம்.

ஆர்டர் மேசைமேல் தொடப்படாமல் கிடந்தது. ரெஜினா நின்றபடியே பேசினாள். இந்த முறை நாக்கு ஒட்டவில்லை.

“சிலிண்டர மூடினது இவதான் சார். அதச் சொல்லாதேன்னு இவகிட்ட கேட்டுக்கிட்டதும் நான்தான். நான் படியில மரம் மாதிரி நின்னேன். இங்க மணி அடிச்சாலும் அப்படித்தான் நிப்பேன்னு நெனைக்கிறேன். என்னைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது இதுதான்.”

லலிதாம்பிகை கண்ணாடியைக் கழற்றினார். “கைக்கு வந்த வேலையத் தள்ளிட்டு உண்மை சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! ரெஜினாவ விடக் கூடாது சார். இன்னொரு பொண்ணு பொய் தெரிஞ்சும் நம்ம முன்னாடி வாய மூடிட்டு உட்கார்ந்திருந்தவ.”

கோமதிநாயகம் தாட்சாயணியின் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “தீக்குள்ள போனவ இவதானே மேடம்?” என்றார்.

ஒருத்தி பொய் சொல்லிப் பிறகு தானே அதை உடைத்தாள். மற்றவள் உண்மையை மறைத்துப் பிறகு கொடுத்த வாக்கை உடைக்கத் துணிந்தாள். நாற்காலியோ ஒன்று. நீங்களே சொல்லுங்கள்: அந்த வேலை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: தாட்சாயணிக்கு. அவள் மௌனமாக இருந்தது தவறுதான். ஆனால் அந்த மௌனம் பிறர் உயிருக்கு விலையாகும் என்று தெரிந்ததும், தோழியின் வசவையும் வாங்கிக்கொண்டு வழிமறித்தாள். அந்த நாற்காலி கேட்பது அதைத்தான். ரெஜினா பெரிய தைரியக்காரிதான். ஆனால் அவள் தைரியம் யோசித்தபின் வருவது. மணி அடித்தால் யோசிக்க நேரம் இருக்காது. அந்த இருவரில் தன்னைப் பற்றிய கேள்விக்கு முழு உண்மையான பதில் சொன்னவள் ரெஜினா ஒருத்திதான். அந்தப் பதிலாலேயே வேலையைத் தன் கையால் தோழிக்குக் கொடுத்துவிட்டாள்.