கயிறு விழாத வரிசை

இதை முதலில் சொன்னவர் தூத்துக்குடிக் குருதி வங்கி ஒன்றின் செவிலி அமலோற்பவம். அன்று கயிறு எடுத்துக் கொடுத்தவரும் அவரே.

அவ்வங்கியின் தலைவர் டாக்டர் ஜெரால்டின், ஞாயிறுதோறும் ஊராருக்கு உடலியல் பாடம் நடத்துவார். அவரைவிட இருபது வயது மூத்த மாணவர் ஒருவர் உண்டு: வைரவநாதன். துறைமுகத்தில் பைலட்டாக இருந்து, பல நாட்டுக் கப்பல்களைக் கரைசேர்த்தவர். முகத்தைப் பார்த்தே மாலுமியின் நாட்டைச் சொல்லிவிடுவார். அதில் அவருக்குத் தலைகொள்ளாப் பெருமை.

அவருக்கு இடுப்பு மூட்டு அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. குருதி வேண்டும். வேன் நிறையப் பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு, கைத்தடியுடன் வந்து இறங்கினார். முற்றத்தில் அயல்நாட்டு மாலுமிகளும் குருதி கொடுக்கக் காத்திருந்தார்கள்.

"டாக்டரம்மா, நம்ம இனத்து ரத்தம்தான் எனக்கு ஏறணும். இல்லேன்னா அறுவையே வேண்டாம்."

"இனம் என்று உடம்பில் ஒன்று இருக்கிறதா, அண்ணாச்சி?"

"இல்லாமலா? பார்த்தாலே தெரியுதே!"

டாக்டர் செவிலியிடம் துணி உலர்த்தும் கொடிக்கயிற்றைக் கேட்டு வாங்கி, வைரவநாதன் கையில் கொடுத்தார்.

"எல்லோரையும் நிற வரிசையில் நிறுத்துங்கள். ஓர் இனம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கயிற்றைப் போடுங்கள்."

வைரவநாதன் உற்சாகமாக நிறுத்தினார். உக்ரைன்காரர் ஒரு கோடி, கென்யாக்காரர் மறுகோடி. ஓமான்காரருக்குப் பக்கத்தில் சித்தப்பா மகன் வந்தான். அவனுக்கு அடுத்துத் தானும் நின்றுகொண்டார். மடகாஸ்கர் எஞ்சினியர் ஹெரியையும் தாண்டிப் போய் நின்றார் உடன்பிறந்த தம்பி ஆனையப்பன்.

கயிறு விழுந்தது. அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில்.

"என்னண்ணே, என்னைக் கழிச்சுக் கட்டிட்டியா?" என்றார் ஆனையப்பன்.

"சும்மா நில்லுல!"

கயிற்றை நகர்த்தினார். ஓமான்காரரும் சித்தப்பா மகனும் ஒரு பக்கமானார்கள். மறுபடி நகர்த்தினார். எங்கே போட்டாலும் கயிற்றை ஒட்டி இருபுறமும் நின்றவர்கள் ஒரே நிறமாக இருந்தார்கள்.

"முகத்தைப் பார்த்து நாட்டைச் சொல்றேனே, அது பொய்யா?"

"முகம் ஊரைச் சொல்லும், அண்ணாச்சி. நான் கேட்டது இனம் பிரிக்கும் கோடு."

டாக்டர் வரிசையைப் பார்த்தார். வந்ததுமே ஒவ்வொருவர் விரலிலும் சொட்டு எடுத்து வகை பார்த்தாயிற்று.

"இவருக்குப் பொருந்தும் ஓ பாசிட்டிவ் மட்டும் முன்னே வாருங்கள்."

உக்ரைன்காரர் வந்தார். கென்யாக்காரர் வந்தார். நடுவிலிருந்து ஹெரி வந்தார். பங்காளிகளில் சித்தப்பா மகன் ஒருவன்தான் வந்தான்; எடை போதாதென்று செவிலி திருப்பி அனுப்பினார். ஆனையப்பன் நின்ற இடத்திலேயே நின்றார்.

"தம்பியோடது சேராதா?"

"சேராது. உயிருக்கே ஆபத்து."

வைரவநாதன் கயிற்றைச் சுருட்டினார். ஹெரியின் முன் போய்த் தலை நிமிர்த்தி நின்றார். கப்பலை வரவேற்கும்போது வைப்பதுபோல் ஒரு சல்யூட் வைத்தார்.

அன்று அவருக்காக ஹெரி ஒரு பை கொடுத்தார்.

ஓராண்டு கழித்து, தடியில்லாமல் நடந்து வந்து, அதே கட்டிலில் படுத்துக் கையை நீட்டினார் வைரவநாதன். பை நிரம்பியது.

"டாக்டரம்மா, கடலோடிகிட்ட வாங்கினேன், யாருக்கோ கொடுக்கிறேன். இந்தப் பைமேல எந்த இனம்னு எழுதுவீங்க?"

டாக்டர் பையைத் தராசில் வைத்துப் பார்த்தார்.

"ஓ பாசிட்டிவ். முந்நூற்றைம்பது மில்லி."